அமெரிக்காவில் ஆன்டெனா டிவி: படம் உடைந்தால், சேனல் காணாமல் போனால் எங்கே தேடுவது

அமெரிக்காவில் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி., ஃபாக்ஸ், பி.பி.எஸ். ஆகியவற்றின் உள்ளூர் நிலையங்கள் காற்றிலேயே இலவசமாக வருகின்றன. மாதச் சந்தா இல்லை, இணையமும் வேண்டாம். தமிழ் சேனல்களை ஆப்பில் பார்க்கும் வீட்டிலும் உள்ளூர்ச் செய்தி, டொர்னேடோ எச்சரிக்கை, ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால், பிள்ளைகளுக்கு பி.பி.எஸ். கிட்ஸ் என்று ஆன்டெனாவுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் கடையில் வாங்கி வந்து மாட்டிய உடனே எல்லா வீட்டிலும் ஒழுங்காக வந்துவிடாது. வராதபோது பலரும் இன்னொரு பெரிய ஆன்டெனாவையோ சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரையோ வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண்செலவு. ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து உங்கள் டிவி வரையுள்ள பாதையில் சிக்னல் எங்கே தொலைகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பல வீடுகளில் கோளாறு காசில்லாமலே தீர்ந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

கன்வெர்ட்டர் பாக்ஸ் உங்களுக்குத் தேவையா?

2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. அதன்பின் பழைய டிவிகளில் படம் வர டிஜிட்டல் கன்வெர்ட்டர் பாக்ஸ் தேவைப்பட்டது. ஆனால் 2007 மார்ச் 1 முதல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டிவிகளில் ஒளிபரப்பைப் பிடித்துப் படமாக்கும் டிஜிட்டல் ட்யூனர் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. பின்பக்கம் ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைத் திருகும் துளை இருந்து, மெனுவில் 'ஆன்டெனா' அல்லது 'ஏர்' என்ற தேர்வும் இருந்தால், கேபிளை நேராக டிவியிலேயே திருகிவிடலாம்.

பாக்ஸ் தேவைப்படுவது மூன்று இடங்களில்: பழைய டப்பா டிவி, ட்யூனரே இல்லாத மானிட்டர் அல்லது புரொஜெக்டர், இந்தியாவிலிருந்து கொண்டுவந்த டிவி. இந்திய டிவியின் ட்யூனருக்கு அமெரிக்க ஒளிபரப்பு முறையான ஏ.டி.எஸ்.சி. புரியாது. பாக்ஸை எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்தால் அதே டிவி நன்றாக ஓடும். டிவியின் பின்னால் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். ஊரில் பயன்படுத்திய டிஷ் பாக்ஸோ கேபிள் பாக்ஸோ இங்கே உதவாது. இங்கே வாங்கிய பாக்ஸை ஊருக்கு எடுத்துப்போனாலும் அதே கதிதான்.

படம் ஏன் திடீரென்று உடைகிறது

பழைய அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடிக்கொண்டே போகும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. இரைச்சலைவிடச் சிக்னல் சுமார் 15 டெசிபல் (சிக்னல் அளவின் அலகு) மேலே இருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே போனாலே கட்டம் கட்டமாக உடையும், ஒலி விட்டுவிட்டு வரும், பிறகு 'சிக்னல் இல்லை' என்று திரை வெறுமையாகும். எல்லையில் நிற்கும் சேனலுக்கு 2, 3 டெசிபல்கூட வாழ்வா சாவா என்பதுதான். ஆன்டெனாவைக் கொஞ்சம் நகர்த்தினால் வருவதும், யாராவது குறுக்கே நடந்தால் போவதும் இதனால்தான்.

பெரும்பாலான பாக்ஸ்களில் ரிமோட்டின் 'இன்ஃபோ' அல்லது 'சிக்னல்' பொத்தானை அழுத்தினால் இரண்டு அளவுகள் தெரியும். ஒன்று சிக்னலின் வலிமை, மற்றது தரம். பலர் வலிமையை மட்டும் பார்த்துக் குழம்புகிறார்கள். படத்தைத் தீர்மானிப்பது தரம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியும்:

- வலிமை குறைவு, தரமும் குறைவு: சிக்னலே போதவில்லை. ஆன்டெனாவின் இடம், உயரம், திசை, அல்லது கேபிளில் இழப்பு.
- வலிமை அதிகம், தரம் குறைவு அல்லது தாவிக்கொண்டே இருக்கிறது: கட்டடங்களில் பட்டு எதிரொலிக்கும் சிக்னல், ஆம்ப்ளிஃபயர் திணறல், அல்லது வேறு மின்கருவியின் குறுக்கீடு. இங்கே இன்னொரு ஆம்ப்ளிஃபயர் போட்டால் நிலைமை மோசமாகும்.
- எல்லாச் சேனலிலும் இரண்டுமே பூஜ்யம்: கேபிள் அறுந்திருக்கிறது, தவறான துளையில் மாட்டியிருக்கிறது, அல்லது ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போகவில்லை.

முதலில் செய்யவேண்டிய சோதனை

ஏணியைத் தேடுவதற்கு முன் இவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள்.

1. டிவியின் 'இன்புட்' சரியா? எச்.டி.எம்.ஐ. என்றால் எந்த எண் துளை என்று பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கேபிள் என்றால் 'ஏ.வி.' அல்லது 'வீடியோ'. அந்த மூன்று துளைகளும் இல்லாத பழைய டிவிக்குப் பாக்ஸிலிருந்து கோஆக்ஸ் கேபிளே போகும். அப்போது டிவியைச் சேனல் 3 அல்லது 4-இல் வைக்க வேண்டும். பாக்ஸிலும் அதே எண் இருக்க வேண்டும்.

2. ஆன்டெனா கேபிள் பாக்ஸின் 'ஆன்டெனா இன்' துளையில் இருக்கிறதா? பக்கத்தில் அதே உருவத்தில் ஓர் 'அவுட்' துளையும் இருக்கும். மாற்றித் திருகினால் ஒரு சேனலும் வராது.

3. மெனுவில் 'ஏர்' அல்லது 'ஆன்டெனா' தேர்வாகியிருக்கிறதா? 'கேபிள்' என்று இருந்தால் சேனல்களைத் தேடும் ஸ்கேன் முழுவதும் ஓடி முடிந்தும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. புதிதாக வந்தவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

4. அப்பார்ட்மெண்டில் சுவரில் இருக்கும் கோஆக்ஸ் துளை பொதுவாகக் கேபிள் கம்பெனியுடையது. அதில் பாக்ஸை மாட்டினால் இலவசச் சேனல் வராது. உங்கள் ஆன்டெனாவையும் அதில் இணைக்காதீர்கள்.

5. எல்லாத் திருகுகளையும் விரலால் இறுக்குங்கள். அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தாலும் சில சேனல்கள் போய்விடும்.

6. பாக்ஸின் மின்சாரத்தை ஒரு நிமிடம் பிடுங்கிவிட்டுத் திரும்பக் கொடுங்கள். பிறகு ரீஸ்கேன், அதாவது மறுபடி ஸ்கேன், செய்யுங்கள்.

ரீஸ்கேன் செய்தும் சில சேனல்கள் பெயர் மட்டும் இருந்து படம் வராவிட்டால், இரட்டை ரீஸ்கேன் செய்யுங்கள். ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் ஓடவிடுங்கள். பட்டியல் காலியாகும், நினைவில் தங்கிய பழைய அலைவரிசைகளும் அழியும். பாக்ஸை அணைத்து, கேபிளை மாட்டி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். நிலையங்கள் அலைவரிசை மாறும்போது பழைய பாக்ஸ்களில் இது இல்லாமல் சரியாவதில்லை. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: மழை, காற்று, நிலையத்தில் பழுது என்று தற்காலிகமாகச் சேனல் போயிருக்கும் நேரத்தில் ரீஸ்கேன் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் வராத சேனல்களைப் பாக்ஸ் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும்.

திரையில் தெரியும் எண்ணும் காற்றில் வரும் எண்ணும்

இதைப் புரிந்துகொண்டால் 'ஒரு சேனல் மட்டும் வரவில்லை' என்ற புகாரில் பாதி தீர்ந்துவிடும். திரையில் 2.1, 7.1 என்று தெரிவது நிலையத்தின் பழைய அடையாள எண். காற்றில் அது வரும் உண்மையான அலைவரிசைக்கு வேறோர் எண் இருக்கலாம். அதை ஆர்.எஃப். சேனல் என்பார்கள். நியூயார்க்கில் சி.பி.எஸ். திரையில் 2.1, காற்றில் 36. சிகாகோவில் ஏ.பி.சி. திரையில் 7.1, காற்றில் 22. அதே சிகாகோவில் சி.பி.எஸ். திரையில் 2.1, காற்றில் 12.

எண்ணைப் பொறுத்து அலையின் நீளம் மாறும், அதற்கேற்ற ஆன்டெனாவும் மாறும். 2 முதல் 6 வரை கீழ் வி.எச்.எஃப்., அதாவது 54 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை. 7 முதல் 13 வரை மேல் வி.எச்.எஃப்., 174 முதல் 216 வரை. 14 முதல் 36 வரை யு.எச்.எஃப்., 470 முதல் 608 வரை. முன்பு யு.எச்.எஃப். 51 வரை போனது. 36-க்கு மேலிருந்ததை மொபைல் கம்பெனிகளுக்கு ஏலம் விட்டு, நிலையங்களைக் கீழே நகர்த்தும் வேலை 2020 ஜூலையில் முடிந்தது. அதற்குமுன் ஸ்கேன் செய்து அப்படியே கிடப்பில் போட்ட பாக்ஸை இன்று எடுத்தால் பல சேனல்கள் வெறும் பெயராகத்தான் நிற்கும்.

சன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனாக்கள் பெரும்பாலும் யு.எச்.எஃப்.-க்கு நன்றாக வேலை செய்யும், வி.எச்.எஃப்.-இல் திணறும். நியூயார்க்கின் ஏ.பி.சி. ஆர்.எஃப். 7-இலும், டல்லாஸின் ஏ.பி.சி. ஆர்.எஃப். 8-இலும், பிலடெல்ஃபியாவின் ஏ.பி.சி. ஆர்.எஃப். 6-இலும் வருகின்றன. இந்த ஊர்களில் 'எல்லாம் வருகிறது, ஏ.பி.சி. மட்டும் இல்லை' என்றால் ஆன்டெனா கெட்டுப்போகவில்லை. அது அந்த அலைக்கு ஏற்ற ஆன்டெனாவே அல்ல. பிலடெல்ஃபியாவின் 6 இன்னும் கடினம். கீழ் வி.எச்.எஃப். என்பதால் 'வி.எச்.எஃப். உண்டு' என்று அட்டையில் போட்ட பல ஆன்டெனாக்களும் அதற்குப் போதாது.

உங்கள் முகவரிக்கு எந்த நிலையம் எந்தத் திசையிலிருந்து, எந்த ஆர்.எஃப். எண்ணில், எவ்வளவு வலிமையில் வருகிறது என்பதை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.-யின் 'டி.டி.வி. ரிசப்ஷன் மேப்ஸ்' பக்கத்தில் பார்க்கலாம். 'ராபிட்இயர்ஸ்' தளம் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும். ஆன்டெனாவின் உயரத்தையும் அதில் கொடுக்கலாம். ஒரு தாளில் நிலையத்தின் பெயர், திரை எண், ஆர்.எஃப். எண், திசை, தூரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். வராத சேனல்களை அதில் வட்டமிடுங்கள். வட்டமிட்டவை எல்லாம் ஒரே திசையிலிருந்து வந்தால் கோளாறு திசையில். எல்லாம் வி.எச்.எஃப். என்றால் ஆன்டெனா வகையில். ஆர்.எஃப். 30-க்கு மேற்பட்டவை மட்டும் போனால் கேபிளையும் மொபைல் குறுக்கீட்டையும் சந்தேகப்படுங்கள். இந்தத் தாள் எந்த விலையுயர்ந்த கருவியையும்விட உதவும்.

ஆன்டெனாவை எங்கே, எப்படி வைப்பது

பல பெருநகரங்களில் முக்கிய நிலையங்கள் ஓரிரு இடங்களிலேயே குவிந்திருக்கும். டல்லாஸுக்கு சீடர் ஹில், லாஸ் ஏஞ்சலஸுக்கு மவுண்ட் வில்சன், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு சூட்ரோ கோபுரம். இந்த ஊர்களில் ஒரே திசை நோக்கும் ஆன்டெனா போதும். நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூஜெர்சியின் எடிசன் பக்கம் கதை வேறு. நியூயார்க் வடகிழக்கில், பிலடெல்ஃபியா தென்மேற்கில். ஒன்றைப் பார்த்து வைத்தால் மற்றது முதுகுப்பக்கம் போகும். எந்த நகரத்தின் சேனல்கள் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு ஆன்டெனா, இரண்டு பாக்ஸ் என்று தனித்தனியாக வைப்பதே தொல்லையில்லாத வழி.

திசை பார்க்க ஃபோனின் திசைகாட்டி போதும். இரும்புக் கம்பி, ஃபிரிட்ஜ் அருகே நின்று பார்க்காதீர்கள். திசையை உண்மை வடக்கிலிருந்தும் கணக்கிடலாம், காந்த வடக்கிலிருந்தும் கணக்கிடலாம். நியூயார்க் பக்கத்தில் இரண்டுக்கும் 12 டிகிரிக்கு மேல் வித்தியாசம் உண்டு. தளம் எதைத் தருகிறது, ஃபோன் எதைக் காட்டுகிறது என்று அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் கோபுரத்தை நோக்கிய சன்னல், முடிந்தால் மாடி. ஆனால் எல்லாச் சன்னலும் ஒன்றல்ல. வெப்பத்தைத் தடுக்கும் 'லோ-ஈ' கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், அது சிக்னலையும் தடுக்கும். அந்த வீட்டில் கண்ணாடியைவிடப் பக்கத்து மரச் சுவரில் ஒட்டினால் நன்றாக வரலாம். கலிஃபோர்னியாவில் பரவலாக இருக்கும் ஸ்டக்கோ (சிமெண்ட் பூச்சு) சுவருக்குள் கம்பி வலை உண்டு. அலுமினியத் தகடு போர்த்திய சுவரும், ஃபாயில் ஒட்டிய அட்டிக் காப்புப்பலகையும் அப்படித்தான். இத்தகைய வீட்டில் உள்ளே எங்கு வைத்தாலும் போராட்டம்தான். பால்கனியோ கூரையோதான் வழி.

இடம் தேடும்போது ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வருவதில் மிகப் பலவீனமானதை. சிக்னல் அளவைத் திரையில் வைத்துவிட்டு ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்துங்கள். கையை எடுத்து விலகி நின்று சில விநாடி பொறுங்கள், தரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யு.எச்.எஃப்.-இல் ஒரு அலையின் நீளம் 49 முதல் 64 சென்டிமீட்டர்தான். எதிரொலி அதிகமுள்ள அறையில் ஒரு சாண் தள்ளினாலே நிலைமை தலைகீழாகும். தட்டை ஆன்டெனாவை ஒட்டுவதற்குமுன் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி எல்லா இடத்தையும் பார்த்துவிடுங்கள்.

இழுத்து நீட்டும் இரண்டு கம்பி கொண்ட ஆன்டெனாவை யாரும் மதிப்பதில்லை. மேல் வி.எச்.எஃப்.-க்கு அது பல தட்டை ஆன்டெனாக்களைவிட மேல். ரகசியம் நீளத்தில் இருக்கிறது. முழுவதும் இழுத்து 'வி' வடிவில் நிறுத்துவது தவறு. ஆர்.எஃப். 7-க்கு ஒவ்வொரு கம்பியும் சுமார் 40 செ.மீ., 12, 13-க்குச் சுமார் 34 செ.மீ., பிலடெல்ஃபியாவின் 6-க்குச் சுமார் 84 செ.மீ. இரண்டையும் படுக்கைவசமாக இரு பக்கமும் விரித்து, கம்பிகளின் நீளவாட்டம் கோபுரத் திசைக்குக் குறுக்காக இருக்கும்படி திருப்புங்கள். கம்பியின் முனையைக் கோபுரத்தை நோக்கி நீட்டினால் மிகக் குறைவாகத்தான் வாங்கும்.

'150 மைல்', '4கே ஆன்டெனா' என்ற அட்டை விளம்பரங்களை நம்பாதீர்கள். பூமியின் வளைவு காரணமாகச் சமவெளியில் 60, 70 மைலுக்கு அப்பால் சிக்னல் நிலையாகக் கிடைப்பது அரிது.

கேபிளும் ஸ்ப்ளிட்டரும்

ஆர்.ஜி.-6 என்று அச்சிட்ட கேபிளைப் பயன்படுத்துங்கள். 100 அடி நீளத்துக்கு யு.எச்.எஃப்.-இன் மேல்பகுதியில் 5 முதல் 6 டெசிபல் இழப்பு வரும். மெல்லிய ஆர்.ஜி.-59-இல் இன்னும் அதிகம். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 டெசிபல் குறைக்கும், நான்காகப் பிரிப்பது சுமார் 7. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஸ்ப்ளிட்டர் பேஸ்மெண்டிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். ஒரே ஒரு டிவிதான் என்றால் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு இரு கேபிள்களையும் நேரிணைப்பியால் சேர்த்துவிடுங்கள். ஸ்ப்ளிட்டர் வேண்டுமென்றால், பயன்படுத்தாத துளையில் 75 ஓம் டெர்மினேட்டர் மூடி ஒன்றைத் திருகுங்கள்.

கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுவிலுள்ள செம்புக் கம்பி இணைப்பியின் விளிம்பைத் தாண்டிச் சுமார் 3 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் தொடாது. பின்னல் கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மொத்தமும் ஷார்ட். மல்ட்டிமீட்டர் இருந்தால் கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். தொடர்பு இருக்கக் கூடாது. ஆன்டெனாவில் மாட்டியபடியே அளந்தால் பல ஆன்டெனாக்கள் இயல்பிலேயே ஷார்ட் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். வெளியில் உள்ள இணைப்பில் பச்சைக் களிம்பு தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. துடைத்துப் பயனில்லை, முனையை வெட்டிப் புது இணைப்பி போடுங்கள்.

கூரை ஆன்டெனாவில் இரண்டு ஒயர் கொண்ட சிறு பெட்டி ஒன்று இருக்கும். 300 ஓமை 75 ஓமாக மாற்றும் பேலன் அது. வெயிலிலும் மழையிலும் முதலில் செத்துப்போவது இதுதான். சில டாலர்தான் விலை. பழைய ஆன்டெனாவைக் குப்பையில் போடுவதற்குமுன் இதை மாற்றிப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயர்: எப்போது உதவும், எப்போது கெடுக்கும்

ஆன்டெனா பிடிக்காத சிக்னலை ஆம்ப்ளிஃபயர் உருவாக்கித் தராது. நீளமான கேபிளிலும் ஸ்ப்ளிட்டரிலும் ஏற்படும் இழப்பை முன்கூட்டியே ஈடுகட்டுவது மட்டுமே அதன் வேலை. அதனால் அதற்குரிய இடம் ஆன்டெனாவின் காலடி. நூறடி கேபிளுக்குப் பின்னால் டிவி அருகே வைத்தால், இழந்ததுபோக மிஞ்சிய சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

கம்பத்தில் பொருத்தும் வகைக்கு மின்சாரம் கோஆக்ஸ் கேபிள் வழியாகவே மேலே போகும். அதைச் செலுத்தும் சிறு பெட்டியான பவர் இன்செர்ட்டர் வீட்டுக்குள் இருக்கும். வரிசை இப்படி இருக்க வேண்டும்: ஆன்டெனா, ஆம்ப்ளிஃபயர், கேபிள், பவர் இன்செர்ட்டர், அதன்பிறகு ஸ்ப்ளிட்டர், பாக்ஸ். ஸ்ப்ளிட்டரை இடையில் வைத்தால் மின்சாரம் மேலே போகாமல் நின்றுவிடலாம். இன்செர்ட்டரின் இரண்டு துளைகளை மாற்றித் திருகினாலும் அதேதான். மின்சாரம் இல்லாத ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்காது, பெரும்பாலும் வரும் சிக்னலையும் அடைத்துவிடும். நேற்றுவரை எல்லாம் வந்து இன்று ஒன்றுமே இல்லையென்றால் முதலில் இந்த அடாப்டரின் விளக்கு எரிகிறதா பாருங்கள்.

தட்டை ஆன்டெனாவோடு வரும் சிறிய ஆம்ப்ளிஃபயரை டிவியின் யு.எஸ்.பி. துளையில் மாட்டுவது வழக்கம். அந்தத் துளை இரைச்சலையும் சேர்த்துத் தரக்கூடும். தனி 5 வோல்ட் அடாப்டரில் மாட்டிப் பாருங்கள்.

கோபுரத்துக்குப் பத்துப் பதினைந்து மைலுக்குள் இருப்பவர்கள் ஆம்ப்ளிஃபயரை முதலில் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். சிக்னல் அளவுக்கு மீறினால் ட்யூனர் திணறி, பக்கத்துச் சேனல்கள் காணாமல் போகும். கழற்றி ஸ்கேன் செய்தபோது சேனல் எண்ணிக்கை கூடினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அதன்பின்னும் திணறினால் 6 அல்லது 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் ஒன்றைக் கேபிளில் திருகிப் பாருங்கள். சிக்னலைக் குறைத்துச் சேனல் வரவழைப்பது விநோதமாகத் தோன்றும், ஆனால் கோபுரத்தருகே அதுவே மருந்து.

வீட்டுக்குள்ளிருந்தே வரும் குறுக்கீடு

மலிவான எல்.இ.டி. பல்புகளும், சார்ஜர்களும், செடி வளர்க்கும் விளக்குகளும் வி.எச்.எஃப்.-இல் இரைச்சலைக் கொட்டும். வி.எச்.எஃப். சேனல் ஒன்றின் தர அளவைத் திரையில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தபோது அளவு ஏறுகிறதோ அதுவே குற்றவாளி. பாக்ஸின் அடாப்டரும், கவசம் சரியில்லாத எச்.டி.எம்.ஐ. கேபிளும்கூடக் குற்றவாளியாகலாம். ஆன்டெனாவை இவற்றிலிருந்து சில அடி தள்ளி வையுங்கள்.

மொபைல் கோபுரம் அருகே இருந்தால் 617 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதன் சிக்னல் வலுவாக வரும். ஆர்.எஃப். 36 முடிவது 608-இல், இடைவெளி கொஞ்சம்தான். மொபைல் சிக்னலைத் தடுக்கும் எல்.டி.இ. ஃபில்ட்டர் வாங்கினால் 608 வரை மட்டும் விடுவது என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பழைய ஃபில்ட்டர்கள் 700 அருகேதான் தடுக்கும், இதற்கு உதவாது. எஃப்.எம். கோபுரம் அருகே இருப்பவர்களுக்கு வி.எச்.எஃப். கெட்டால், எஃப்.எம். சிக்னலைத் தடுக்கும் எஃப்.எம். ட்ராப் உதவும்.

பாக்ஸே கெட்டதா?

பாக்ஸ் தானாக அணைந்து எழுந்தாலும், சூடானபின் சேனல்கள் ஒவ்வொன்றாகப் போனாலும், முதல் சந்தேகம் அடாப்டர்மேல். அதே வோல்ட், அதே முனைத்துருவம், அதே அல்லது அதிக ஆம்பியர் கொண்ட வேறோர் அடாப்டரில் ஓட்டிப் பாருங்கள். 2009 காலத்துப் பாக்ஸ்களில் உள்ளே கெபாசிட்டர் உப்பியிருக்கலாம். அதைச் சரிசெய்வதைவிடப் புதிது வாங்குவதே மலிவு. பாக்ஸைக் கேபிள் மோடத்தின்மேல் அடுக்காதீர்கள், சூடு ட்யூனரைத் தடுமாறச் செய்யும். கோளாறு பாக்ஸிலா ஆன்டெனாவிலா என்று உறுதிசெய்ய, அதே கேபிளை ட்யூனர் உள்ள வேறோர் டிவியில் திருகிப் பாருங்கள். அங்கே வந்தால் பாக்ஸ்தான்.

படம் வந்து ஒலி வராவிட்டால், ஒலி அமைப்பை 'பி.சி.எம்.' என்று மாற்றுங்கள். யாரோ ஒருவர் காட்சிகளை விவரித்துக்கொண்டே இருந்தால் பார்வையற்றோருக்கான ஒலித்தடம் தேர்வாகியிருக்கிறது. ரிமோட்டில் 'ஆடியோ' அல்லது 'எஸ்.ஏ.பி.' பொத்தானை அழுத்தி மாற்றலாம். படம் நாற்புறமும் கறுப்புச் சட்டத்துக்குள் சுருங்கியிருந்தால் பாக்ஸிலும் டிவியிலும் அளவுவிகிதம் முட்டிக்கொள்கிறது. ஒன்றில் 'ஜூம்' மாற்றினால் போதும். எழுத்துவரிகள் வேண்டுமென்றால் பொதுவாக டிவியில் அல்ல, பாக்ஸின் மெனுவில் இயக்க வேண்டும்.

எந்த நேரத்தில் போகிறது என்று கவனியுங்கள்

காற்றடிக்கும்போது மட்டும் உடைந்தால் தளர்ந்த கம்பம் அல்லது இணைப்பு. மழை பெய்து ஓய்ந்தபின்னும் நீடித்தால் இணைப்பிக்குள் தண்ணீர். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் சரியானால் கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவே மரம் இருக்கிறது, ஈர இலை யு.எச்.எஃப்.-ஐ நன்றாக உறிஞ்சும். ஆன்டெனாவைப் பக்கவாட்டில் சில அடி நகர்த்தினாலும் வழி கிடைக்கலாம். கோடைக்கால அதிகாலையில் வழக்கமான சேனல் உடைந்து, தூரத்து ஊர்ச் சேனல் எட்டிப்பார்த்தால் வளிமண்டலத்தின் வேலை, வெயில் ஏறினால் சரியாகும். இருட்டியதும் கெட்டால் விளக்குகள்.

கூரைக்குப் போவதற்கு முன்

வாடகை வீட்டிலும் உங்களுக்கு மட்டுமே உரிய பால்கனியில் ஆன்டெனா வைக்க உரிமை உண்டு. எஃப்.சி.சி.-யின் 'ஓட்டார்ட்' விதி 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது, 1999 முதல் வாடகைதாரர்களுக்கும் பொருந்தும். வீட்டுச் சங்கம் பாதுகாப்புக்காக நியாயமான நிபந்தனை வைக்கலாம், ஒரேயடியாகத் தடுக்க முடியாது. ஆனால் பொதுக் கூரையும் பொதுச் சுவரும் இதில் சேராது. கூரைக்கு மேல் 12 அடிக்கு அதிகமான கம்பம் என்றால் அனுமதி கேட்கச் சொல்லலாம்.

மின்கம்பிகளிலிருந்து குறைந்தது கம்பத்தின் நீளத்தைப் போல் இரு மடங்கு தூரமாவது விலகி வையுங்கள். கம்பம் சாய்ந்து கம்பியைத் தொட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள், இதில் துணிச்சல் வேண்டாம். கம்பத்திலிருந்தும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதை எர்த் செய்யும் கிரவுண்ட் பிளாக்கிலிருந்தும் 10 கேஜ் செம்புக் கம்பியை வீட்டின் பொது எர்த்தோடு இணைக்க வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு நிறுத்தக் கூடாது. கேபிள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

புதுப் பாக்ஸ் வாங்கும்போது ஏ.டி.எஸ்.சி. 3.0

'நெக்ஸ்ட்ஜென் டிவி' என்று விற்கப்படும் இந்தப் புதிய ஒளிபரப்பு முறையைப் பழைய பாக்ஸ் படிக்காது. இதற்கு மாறும் நிலையம் தன் முதன்மைச் சேனலைப் பழைய முறையிலும் தரவேண்டும் என்பது விதியாக இருந்துவருகிறது. ஆனால் அதை பெரும்பாலும் இன்னொரு நிலையத்தின் அலைவரிசையில் ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் திரையில் எண் மாறாமலே திசையும் ஆர்.எஃப். எண்ணும் மாறி, சேனல் திடீரெனக் காணாமல் போகிறது. ராபிட்இயர்ஸில் திரும்பப் பார்த்து, உங்கள் தாளைத் திருத்தி, இரட்டை ரீஸ்கேன் செய்யுங்கள். சில 3.0 சேனல்கள் பூட்டப்பட்டும் வருகின்றன. 3.0 பாக்ஸ் வாங்குவதாக இருந்தால் உங்கள் ஊரில் பூட்டிய சேனல்கள் எவை, அந்தப் பாக்ஸ் அவற்றைத் திறக்குமா, திறக்க இணைய இணைப்புக் கேட்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் ஆன்டெனாவை இதற்காக மாற்றத் தேவையில்லை.